சேரம்பாடிப் பக்கம் ஓர் ஓடையும் எட்டு நாளும்

கூடலூரிலிருந்து சேரம்பாடி போகும் பஸ் மூன்றாவது தடவையாக நின்றபோது, கண்டக்டர் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர வாய்க்காலுக்கு இறங்கினார். இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். மொண்டு வந்ததை டிரைவர் மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினார்.

"எஸ்டேட் தண்ணி இது. மேல போயி சோலைக்குள்ள மொண்டுட்டு வா."

"இஞ்சினுக்கு என்னங்கண்ணா, அது வாயில வெச்சுக் குடிக்கவா போகுது?"

"நீ ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டு. அப்பறம் அதுக்கு ஊத்தறேன்."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினார். நான் இறங்கி வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மேலே மட்டும் ஊதாவும் பச்சையுமாக ஒரு மெல்லிய ஏடு. நீர்மேல் ஓடும் பூச்சி ஒன்றுகூட இல்லை. சற்று முன்புதான் மழை விட்டிருந்தது; ஆனாலும் எங்கும் ஒரு தவளை கத்தவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியதும், காதை யாரோ பொத்தியதுபோல் இருந்தது.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவியாசிரியன். முந்தின வருடம் எங்கள் தீவில் குளிர்காய்ச்சல் பரவி, பல வாரங்கள் சாவுச் செய்திகளையே திருத்தி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் படித்துவிட்டு, நீலகிரியின் மேற்கு ஓரத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு கம்பவுண்டர் கடிதம் எழுதியிருந்தார். கொசுவை ஒழிக்க ஓடையை நேராக வெட்டி எண்ணெய் ஊற்றுவதுதான் எல்லா எஸ்டேட்டிலும் வழக்கம். நாங்கள் எண்ணெயை நிறுத்திவிட்டு, ஓடையைப் பழையபடி வளையவிட்டு, முன்பிருந்த மீன்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். மீன் கொசுப்புழுவைத் தின்றுவிடும். நேரில் வந்து பாருங்கள் என்றது கடிதம். ஆசிரியர் அதை என் மேஜைமேல் போட்டு, "புழுவை மீன் தின்கிறதா, மனிதரைக் காய்ச்சல் தின்கிறதா, பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

பஸ் நிற்கும் இடத்தில் கம்பவுண்டர் ஞானமுத்து காத்திருந்தார். நாற்பது வயது, ஒல்லி, காக்கி அரைக்கால்சட்டை, கையில் நீளக் காம்பு போட்ட வெள்ளை அகப்பை. கொசுப்புழு பார்க்கும் அகப்பை அது. பேசும்போதும் அதை வைத்தே சுட்டிக் காட்டினார். அவர் வீடு மேட்டில், மருந்துக்கொட்டகையை ஒட்டி இருந்தது. மனைவி எஸ்தர், பத்து மாதத்துப் பெண் குழந்தை ஒன்று.

அன்று பகல் சாப்பாடு ராகிக்களியும் கோழிக்கோட்டிலிருந்து வரும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் இதே நேரத்துக்குத் தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் இருக்கும். தேநீர் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மோசம். தேயிலை விளைகிற இடத்தில் தூசிதான் குடிக்கக் கிடைக்கிறது. ஓடையோரத்து ஜனங்கள் கடல் மீனைக் காயவைத்துத் தின்கிறார்களே என்றேன்.

"முன்ன அயிரை, ஆரல், கல்லொட்டின்னு எல்லாம் இருந்துச்சாம் சார். எண்ணெய் வந்த மறு வருஷமே எல்லாம் போச்சு" என்றார் ஞானமுத்து. "கொசு மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துருச்சு. மீனுக்குத் திரும்பி வர வழி இல்ல."

மாலை ஆறரைக்கு வீட்டு வாசலில் நின்று கீழே பார்த்தேன். மஞ்சு மூடுபனியாக இறங்கிக்கொண்டிருந்தது. கூலி ஜனங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைகளை எங்கள் பக்கம் லயம் என்போம், இங்கே லைன். ஐந்து லைன்கள், ஒவ்வொன்றிலும் பத்து வீடு. ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. எங்கோ ஒரு பீடி சிவந்து, ஒரு மூக்கையும் மீசையையும் காட்டிவிட்டு அணைந்தது. சாவு ஏதும் விழுந்ததா என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார் ஞானமுத்து. அவர் குழந்தைக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஓடையைக் காட்டினார். முதலில் பழைய வேலை: தேயிலைக்கு நடுவே அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் அரை மைல் நேர்வாய்க்கால். அதற்கு வலப்பக்கம், செழித்த பச்சைத் தேயிலைக்குள், வெளிறி மஞ்சளித்த செடிகள் ஒரு பட்டையாக வளைந்து வளைந்து போயின. "வேர்ல தண்ணி நிக்கற செடிங்க. பழைய ஓடை மண்ணுக்கடியில இன்னும் ஊறிட்டே இருக்கு சார். அந்த மஞ்சளை வெச்சுத்தான் தடம் புடிச்சோம்" என்றார். மண்ணை மேலே போட்டுச் செடி நட்டு ஒன்பது வருடம் ஆகியும், ஓடை தான் போன வழியை விடாமல் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழ்ப்பகுதியில் மஞ்சள் செடிகளைப் பிடுங்கிவிட்டு, பழைய தடத்தைத் தோண்டித் திறந்திருந்தார்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே கற்களை உருட்டிப் போட்டிருந்தது. இரண்டு விழுந்த மரங்கள் அப்படியே தண்ணீரில் கிடந்தன. கரையை ஓரிடத்தில் உடைத்து, மழைவெள்ளம் பரந்து நிற்க ஒரு தாழ்ந்த சதுப்பையும் விட்டிருந்தார்கள். கோரையும் கைதைத் தாழையும் புதராக மண்டியிருந்தன. சதுப்பின் அக்கரையில் ஐந்தாம் லைனின் கடைசி வீடு. அதன் கதவில் குறுக்காகப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது.

சதுப்பில் விட்ட மீனை இங்கே மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்கிறார்கள். விரல் நீளம்; வாய் மேல்நோக்கி இருக்கும்; தலைமேல் வெள்ளியாக ஒரு புள்ளி. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும். உடம்பு நிழலோடு கலந்துவிடுவதால் புள்ளி மட்டும்தான் நம் கண்ணுக்குப் படும். கீழே நெல்வயலில் வேலை செய்யும் பணியர் பழங்குடிக்காரர் ஒருவர் கூடை வைத்துப் பிடித்துப் பானையில் கொண்டுவருவார். தின்ன முடியாத மீனுக்கு நெல் அளந்து கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் தம் பேச்சில் சொல்லிச் சிரித்ததை, ஞானமுத்து சிரிக்காமல் எனக்கு மொழிபெயர்த்தார்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் தண்ணீரில் கிடந்தது. மீன்கள் செத்து மிதந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சிகரெட் டின்னில் போட்டார். பதினேழு.

"பத்து நாளா இப்படித்தான். மேல்மட்டத்துலயே வாழற மீனு சார். எண்ணெய் ஏடு பட்டா மூச்சு போயிரும். யாரோ எண்ணெய் விடறாங்க."

யார் என்று கேட்டேன். அகப்பையால் மலைச்சரிவைக் காட்டினார். அங்கே களைவெட்டும் ஆட்களோடு ரங்கன் என்பவர் நின்றிருந்தார். முதுகில் டின் கட்டி ஓடைக்கு எண்ணெய் தெளித்து வந்தவர். அந்த வேலை நின்றதும் களைவெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் எண்ணெய்ப் பீப்பாய்க் கொட்டகைச் சாவி எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் இருக்கிறது. குச்சி விட்டுப் பார்த்தால் அளவும் குறையவில்லை. ஞானமுத்துவுக்கு அதற்குமேல் விளங்கவில்லை.

துரை ஒரு தவணை கொடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை அவரே வந்து அகப்பை போட்டுப் பார்ப்பார். புழு மிகுந்திருந்தால் சதுப்பை மூடி, வளைவைத் தூர்த்து, பழையபடி எண்ணெய். அதோடு ஞானமுத்துவின் வேலையும் போகும். "வேலை போனாப் போகட்டும்" என்றார். "திரும்ப ஒருதரம் மூடிட்டா, இங்க எவனும் தோண்ட மாட்டான்."

மூன்றாம் நாள் மாலை தனியாகக் கீழே இறங்கினேன். மாலைக்குப் பிறகு கம்பவுண்டர் லைனுக்குப் போவதில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள்தான் மேலே வரவேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். அதனால் நான் பார்த்ததை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மஞ்சுக்குள் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சதுப்பை நோக்கிப் போனார்கள். தலையில் கம்பளிக் கொங்காணி, மார்போடு அணைத்தபடி ஒரு சின்ன டின். முப்பது பேருக்குக் குறையாது. தண்ணீருக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீருக்குப் போகிறவர்கள் காலிப் பாத்திரத்தோடு போய் நிறைந்த பாத்திரத்தோடு திரும்புவார்கள். இவர்கள் டின்னைக் கவிழ்த்துப் பிடித்தபடி திரும்பினார்கள்.

கைதைப் புதருக்கு இப்பால் நின்று பார்த்தேன். ஆளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியில் டின்னைத் தொட்டெடுத்து, பிறகு தண்ணீரில் சாய்த்தாள். மண்ணெண்ணெய் வாடை வந்தது. சதுப்பில் ஆங்காங்கே நின்ற மீன்களின் வெள்ளிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விலகி நடுவில் கூடின. அப்புறம் நடுவிலும் காணவில்லை.

வாரத்துக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வீட்டு விளக்குக்காக எஸ்டேட் கடையில் கொடுப்பது வழக்கம். எண்ணெய் வேலை நின்ற பிறகு, இந்தப் பத்து நாளாக இவர்கள் விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்து, அந்த எண்ணெயை ஓடைக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

ராச்சாப்பாட்டின்போது சொன்னேன். எஸ்தர்தான் முதலில், "அப்ப ரங்கன் இல்ல" என்றார்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் களத்தில், துரை வருமுன் ஞானமுத்து கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். திட்டவில்லை. மீன் எப்படிச் சாகிறது என்று விளக்கினார். கேட்டு முடித்ததும் முன்வரிசையிலிருந்து மாரக்கா பேசினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்து எடுப்பதில் அந்த எஸ்டேட்டிலேயே முதல் கை என்று சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க கம்பவுண்டரய்யா, மீனு பொழைக்கோணும்னு நீங்க நெனைக்கறீங்க. என்ற புள்ள பொழைக்கோணும்னு நா நெனைக்கறேன். இதுல யாரு மேல தப்புங்க?"

"எண்ணெய் ஊத்துன வருஷந்தான் உன் ரெண்டு புள்ளையும் போச்சு, மாரக்கா."

"ஊத்தாம இருந்திருந்தா மூணாவதும் போயிருக்குமுங்க."

அப்போது ரங்கன் பின்னாலிருந்து சொன்னார்: "ஒத்தக் கைக்கு வேலையில்லீன்னு என்னைய நிறுத்துனீங்க. இப்ப நாப்பது கை அந்த வேலையச் சம்பளமில்லாம பாக்குது. என்னையவே வெச்சிருக்கலாமல்லங்க?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் மாரக்கா சொன்னாள்: "நீங்க மேட்டு ஊட்டுல, கொசுவல கட்டுன கட்டல்ல படுக்கறீங்க. மீனு மேல அத்தன நம்பிக்கைன்னா எங்கூட்டுல வந்து படுங்க பாக்கலாம். சதுப்புக்குப் பக்கத்துல. புள்ளையவும் கூட்டிக்கிட்டு."

மறுபடி சிரித்தார்கள். எங்கூடு என்று அவள் சொன்னது அந்த ஆணி அடித்த கடைசி வீடு. அங்கேதான் அவளுடைய இரண்டு குழந்தைகளும் செத்தன; பிறகு அவள் வேறு லைனுக்கு மாறியிருந்தாள்.

"சரி" என்றார் ஞானமுத்து. "நான் வந்து படுத்தா நீங்க ஊத்தறத நிறுத்தணும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. மாரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினாள்.

பகலில் எஸ்தர் கேட்டதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். "மீனுக்கு ஈடா நம்ம புள்ளையா வைக்கறீங்க?"

"காய்ச்சல் மாத்திரை தினமும் கொடுக்கறேன்."

"அவங்க புள்ளைங்களுக்கும் அதேதான குடுத்தீங்க?"

துணி மூட்டை கட்டும் சத்தம் கேட்டது.

ரங்கனே கடப்பாரை கொண்டுவந்து பலகையைப் பெயர்த்தார். உள்ளே ஒரே அறை, சுவரெல்லாம் பூசணம். உத்தரத்திலிருந்து தொட்டில் கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, முடிச்சோடு. எஸ்தர் அதை அவிழ்க்கக் கையை நீட்டினார். மாரக்கா வாசற்படிக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அது நல்ல கயிறுதானுங்க அக்கா" என்றாள். "அறுகாது."

எஸ்தர் தம் சேலையை அந்தக் கயிற்றிலேயே கட்டிக் குழந்தையைப் போட்டார்.

அன்று மாலை ஐந்து லைனிலும் விளக்கு எரிந்தது. ஆனால் ஒரு விளக்கும் வீட்டுக்குள் இல்லை. எல்லாவற்றையும் வாசல் ஓரத்தில், கடைசி வீட்டைப் பார்க்க வைத்திருந்தார்கள். அவரவர் விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழுதால் அத்தனை தலையும் நிமிரும். அழுகை நின்றால் தாழும். நான் மேட்டு வீட்டில், கொசுவலைக்குள், தனியாகப் படுத்தேன். அதில் எனக்கு வெட்கம் இருந்தது; ஆனாலும் வலையை நன்றாகச் செருகிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மீன் மட்டும் செத்திருந்தன. பணியர் இன்னும் இரண்டு பானை மீன் கொண்டுவந்து விட்டுப் போனார். சனிக்கிழமை ஒன்றும் சாகவில்லை. பத்து மணிக்குத் துரை வந்து, அகப்பையை வாங்கிப் பத்து இடத்தில் போட்டார். ஆறு தடவை வெறும் தண்ணீர். மூன்று தடவை ஒன்றிரண்டு புழு. கடைசித் தடவை புழு இல்லை, ஒரு மானத்துக்கண்ணி வந்தது. துரை அதைத் திரும்ப விட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "அடுத்த மழை முடியும்வரை இருக்கட்டும். ஆனால் லைனில் ஒரே ஒரு புதுக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே எண்ணெய்."

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படும் நாள். காலை பத்து மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த ஞானமுத்து, நல்ல வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். பித்தான்களைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். பேசியபோது பல் கிடுகிடுத்தது.

"விடியக்காலம் ஆரம்பிச்சுது. கொசு கடிச்சுப் பத்து நாளாவது ஆவணும் சார், காய்ச்சல் வர. நான் அங்க படுத்து நாலு ராத்திரிதான். இது எனக்குப் பழசு, வருஷத்துக்கு ரெண்டுதரம் வரும்." அகப்பையை ஊன்றிக்கொண்டார். "ஆனா லைன்ல யார் நாளை எண்ணுவா? துரைக்குத் தெரிஞ்சா நாளைக்கு எண்ணெய். இவங்களுக்குத் தெரிஞ்சா இன்னைக்குச் சாயந்திரமே எண்ணெய்."

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். வரவேண்டாம், படுங்கள் என்றேன். ஞாயிறு, எல்லாரும் வாசலில் இருப்பார்கள், வராவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள் என்றார். அன்றைய குறிப்பில், கம்பவுண்டருக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். பத்திரிகைக்குக் கொடுத்த கட்டுரையில் அதை விட்டுவிட்டேன். உண்மையை விட்டது அந்த ஒருதரம்தான் என்று சொல்லமாட்டேன். தெரிந்தே விட்டது அதுதான்.

பஸ் ரோட்டுக்குப் போகிற வழி ஐந்து லைன்களின் முன்னாலும் போகிறது. அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். கனமான ஒன்றைப் பிடித்திருந்தால் கை நடுங்குவது தெரியாது என்று நினைத்திருப்பார். வாசல்களில் பெண்கள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"பேப்பர்க்காரய்யா, என்ற படம் போடுவீங்களா?" என்றார் ரங்கன்.

"முகத்தக் கழுவுனா போடுவாங்க" என்றாள் ஒருத்தி.

ஞானமுத்துவும் சேர்ந்து சிரிக்க முயன்றார். சிரிப்புக்குப் பதில் பல் தந்தியடித்தது. ரங்கன் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். இன்னும் இரண்டு லைன் பாக்கி இருந்தது.

மாரக்கா தன் வாசலிலிருந்து எழுந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பித்தான் மாட்டிய கோட்டைப் பார்த்தாள். பெட்டியைப் பிடித்திருந்த கை முட்டிகளைப் பார்த்தாள். இரண்டு குழந்தைகளை அந்த நடுக்கத்தோடு மடியில் வைத்திருந்தவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "பத்து நாள்..." என்று ஞானமுத்து தொடங்கினார். அவள் கேட்கவில்லை. திரும்பிச் சதுப்பைப் பார்த்தாள். கடைசி வீட்டிலிருந்து குழந்தை ஏதோ உளறிச் சிரிப்பது கேட்டது. அது ஓயும்வரை காதைக் கொடுத்து நின்றாள்.

பிறகு தலையிலிருந்த கம்பளிக் கொங்காணியை அவிழ்த்து அவர் தோளைச் சுற்றிப் போட்டாள். "ரோட்டுமேல காத்து ஆளத் தூக்குது, போட்டுக்கோங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ரங்கன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கற? ஆம்பளையாளு நீ இருக்கறப்ப நாந்தான் பொட்டி சொமக்க வேண்டியிருக்குது."

லைனே சிரித்தது. ரங்கன் தலையைக் குனிந்துகொண்டார்.

மிச்ச இரண்டு லைனையும் கடக்கும்வரை அவள் எங்களுக்கு முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஞானமுத்துவுக்கும் வாசல்களுக்கும் நடுவில் நடந்தாள்.